ஆபரேஷனுக்குச் சம்மதம்

“ஆபரேஷனே பண்ணிடுங்க சார்” என்று பொன்ராஜ் சொன்னதும், டாக்டர் சுந்தரராமன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எதிரில் இருப்பது அதே ஆள்தானா என்று பார்த்தார்.

மயிலாப்பூர் கிளினிக்குக்கு இரண்டு வருடமாக வந்துகொண்டிருக்கும் முதுகு அது. பெல்ட், பிசியோதெரபி, முதுகுத்தண்டில் ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. நடுவில் டாக்டருக்குத் தெரியாமல் நங்கநல்லூரில் ஓர் எண்ணெய் வைத்தியமும் நடந்தது, வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆபரேஷன் என்றால் மட்டும் பொன்ராஜ் ஒரே கேள்விதான் கேட்பார். அப்புறம் எத்தனை நாள் வெயிட் தூக்கக் கூடாது? மூன்று மாதம் என்றதும் எழுந்துவிடுவார்.

“கத்தின்னா எனக்கும் பயம்தான், ஓய். அதான் பிடி இருக்கிற பக்கமா நின்னுக்கறேன்” என்பார் டாக்டர். பொன்ராஜ் சிரித்துக்கொண்டே ஊசிக்குக் குப்புறப் படுத்துக்கொள்வார்.

இந்தத் தடவை ஸ்கேன் மோசம். இடது கால் மரத்துப்போக ஆரம்பித்திருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் நடையே போய்விடும் என்று கெஞ்சுவதற்கு டாக்டர் தயாராக இருந்தார். கெஞ்ச வேண்டியிருக்கவே இல்லை.

சந்தோஷமாகத் தேதி குறித்தார். வேலை பார்க்கும் ஜவுளிக் கடைக்கு லீவு விட்ட நாளில்தான் வலி அதிகம் என்று இந்த மனிதர் சொல்வது மட்டும் அவருக்குப் புரிந்ததே இல்லை.

“மூணு மாசம் ஜவுளி மூட்டையைத் தொடப்படாது. உங்க தி.நகர் முதலாளிகிட்ட நான் வேணா பேசட்டுமா?”

“கடையில நான் பில்லு போடுறவன் சார். உக்காந்த வேலை.”

“பின்னே இத்தனை நாள் எதைத் தூக்கினீர்?”

“என் பொண்ண சார். தாரணி. பத்தொம்பது வயசு. பொறந்ததுலேருந்தே நடக்கல. கட்டில்லேருந்து நாற்காலி, நாற்காலியிலேருந்து பாத்ரூம். லீவுன்னா நாள் பூரா நான்தான்.”

டாக்டரின் பேனா நின்றது. இரண்டு வருடமாக இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

“சொன்னா, அவள வெயிட்டுன்னு சீட்டுல எழுதிருவீங்க.”

வழக்கமாக இந்த இடத்தில் வந்துவிடும் கேலி டாக்டருக்கு வரவில்லை. குறித்த தேதியையே பார்த்தார்.

“சரி, இந்த மூணு மாசம் அவளை யார் தூக்குவா?”

பொன்ராஜ் ஸ்கேன் படத்தை உறைக்குள் மெல்லச் செருகினார்.

“போன வெள்ளிக்கிழமை நாலு பேர் தூக்கிட்டுப் போயிட்டாங்க சார்.”