மூன்றாவது பை

பிலிப்பைன்ஸின் மின்டனாவோ மலைச்சரிவில் பீரங்கியை இழுத்து நிறுத்தியதும், குண்டைத் தள்ள ஐந்து வெடிமருந்துப் பைகள் போதுமென்று உத்தரவு வந்தது. குண்டின் பித்தளைக் கூட்டிலிருந்த ஏழில் இரண்டை உருவி, வழக்கம்போல் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான் சிரிலோ. கையில் மூன்று இருந்தன.

"மிச்சத்த வச்சு வீட்டுல சோறாக்கப் போறியாடா?" என்று சிரித்த சார்ஜென்ட் பகாசா, கூட்டுக்குள் எண்ணினார். ஐந்து சரியாக இருந்தது.

மூன்று மாதமாக இப்படித்தான். இது தொடங்குமுன் ஒருநாள், இரண்டை உருவவேண்டிய இடத்தில் அவன் ஒன்றைத்தான் உருவினான்; மருந்து கூடிவிட்டது. குண்டு மலையைத் தாண்டி சோளச்சோறு வெந்துகொண்டிருந்த ஒரு குடியானவன் வீட்டில் விழுந்தது. விசாரணையில், "ரெண்டு எடுத்தேன் சார்" என்றான். பழி, குறிவைத்த நண்பன் தலையில் விழுந்தது.

"எத்தனைன்னுடா எழுத?"

"ரெண்டுன்னே எழுதுங்க, சார்ஜென்ட்."

யார் முகத்தையும் பார்க்காமல் மூன்றாவதைச் சட்டைக்குள் செருகினான். அதில் அடுப்புச் சூடு இருந்தது. சோளச்சோறு மணத்தது.