கன்னத்தால் பார்ப்பது

பன்னிரண்டு வருடம் சிமெண்டுக் கலவை அள்ளியதில் முத்துக்கிளியின் உள்ளங்கைகள் மரத்துப்போயிருந்தன. மகளுக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கன்னத்தை வைத்துத்தான் பார்ப்பாள். போன மாதம் நிசமாகவே காய்ச்சல் அடித்தபோது, சித்தாள் வேலைக்குப் போகாமல் பகல் முழுக்க மகளைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தாள். அதிலிருந்து ரஞ்சிதாவுக்கு வாரம் ஒரு காய்ச்சல்.

“இன்னிக்குப் பள்ளிக்கூடம் வேணாம்மா. சுடுது பாரு.”

கன்னத்தை வைத்தாள். நெற்றி நன்றாகவே சுட்டது. ஆனால் ஈரமாக இருந்தது, சோற்று வாசமும் அடித்தது. வடித்த கஞ்சியின் ஆவியில் போய் முகத்தைக் காட்டியிருக்கிறாள் கழுதை. கன்னத்தைப் பின்கழுத்துக்கு நகர்த்தினாள். அங்கே பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது.

தெருவில் வேலைக்கு ஆள் ஏற்றும் வண்டி ஆரன் அடித்தது. “ஏ முத்துக்கிளி, மகராணிக்குப் பல்லக்கு அனுப்பணுமா? இன்னிக்கும் வராட்டி மேஸ்திரி வேற ஆளப் போட்டுருவாருடி!” என்று வண்டியிலிருந்தே கத்தினாள் செவந்தி.

ரஞ்சிதா மெல்லக் கேட்டாள். “காய்ச்சல்தானம்மா?”

வண்டி மறுபடியும் ஆரன் அடித்தது.

“இருடி, இன்னும் சரியாத் தெரியல” என்றாள் முத்துக்கிளி, கன்னத்தை எடுக்காமல்.