முந்தின நாளே சொல்லிடணும்

முதல்முறையாக வாடகைக்கு விட ஒரு வீடு வாங்கியவன் நான். தரகரைக் கேள்விகளால் துளைத்தெடுத்தேன்.

“குடியிருக்கிறவங்ககிட்ட சொல்லாம உள்ள போகலாமாண்ணே?”

“உங்க வீடாவே இருந்தாலும் கூடாது தம்பி. முந்தின நாளே சொல்லிடணும்.”

ஆனால் வீடு மூன்று மாதமாகக் காலி. பார்க்க வந்தவர்களெல்லாம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “ஆள் இருக்கிற வீட்டை எதுக்குங்க காட்டுறீங்க?” என்று திரும்பிப் போனார்கள். என் கண்ணுக்கு வெறும் சுவர்தான் தெரிந்தது. வீட்டை விற்றுவிடலாம் என்று மனைவி நச்சரிக்க ஆரம்பித்தாள்.

வேறு வழியில்லாமல், ஒரு மாலை பூட்டிய கதவின் முன் நின்று, “நாளைக்குப் பத்து மணிக்கு வீடு பார்க்க வராங்க” என்று கிறுக்கனைப்போலச் சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் ஒரு தம்பதி வந்தார்கள். கதவைத் திறந்தேன். தரை அப்போதுதான் துடைத்த ஈரத்தில் பளபளத்தது. யாரோ வாசலிலிருந்து துடைக்கத் தொடங்கி, பின்பக்கமாகவே நகர்ந்து உள்ளே போயிருந்தார்கள். கடைசி அறையின் மூலையில், இரண்டு பாதம் வைக்கும் அளவுக்கு மட்டும் தரை காய்ந்திருந்தது.

வந்த பெண் அந்த மூலையைப் பார்த்துச் சிரித்தார்.

“உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம் கொடுத்துட்டோம்.”