ஏறாத வரி

“‘எழுந்து வா’னு எழுதிட்டு மெட்டை இறக்கி வெச்சிருக்கியே, இது இன்னா நியாயம் ஜோயல்?”

தேவாலயப் பாடகர் குழுவின் தலைவி மார்கரெட், தாளில் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டார்.

மறுநாள் கல்லறைத் திருநாள். சென்ற ஆண்டு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் உடலாகக் கரை ஒதுங்கிய சாமுக்காக ஒரு புதுப் பாட்டு வேண்டுமென்று பங்குத் தந்தை கேட்டிருந்தார். எழுதி மெட்டமைத்தவன் சாமின் நண்பன் ஜோயல். படகு எஞ்சின்களைப் பழுது பார்ப்பவன்.

“அது அப்படியே இருக்கட்டும்க்கா.”

“எப்படி இருக்கும்? பழைய ராக் பாட்டுல மலை ஏறுறான்னா மெட்டும் ஏறும், விழுந்தான்னா கிட்டாரும் விழும், இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் அர்த்தம் புரிஞ்சுடும்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரியறது நீதானே?”

“நான்தான்.”

“உன் பாட்டுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாதா?”

“அண்ணன் எஞ்சினை ரிவர்ஸ்ல போட்டுடுச்சுக்கா!” என்றாள் ஜெனிஃபர். குழுவிலேயே உச்சக் குரல் அவளுடையது.

எல்லோரும் சிரித்தனர். ஜோயல் கிட்டார் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

“சிரிக்காதீங்க. கடல்ல காணாம போனவனைக் கரையில நின்னு பேர் சொல்லிக் கூப்பிடறது நம்ம வழக்கம். தெசை தெரியாம தத்தளிச்சா, குரலைப் புடிச்சிக்கினு வரட்டும்னு. அடிவயித்துலேர்ந்து, தொண்டை கிழியக் கூப்பிடுவோம். இவன் கூப்பிடறது பக்கத்து வீட்ல உப்பு கேக்கற மாதிரி கீது.”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சுமா இப்படி? செசிலியாக்கா நாளைக்கு முன் பெஞ்சுல உக்காந்து கேக்கப்போறாங்க. பெத்த மனசு இன்னா பாடுபடும்? ஒண்ணு மெட்டை ஏத்து. இல்லேன்னா இந்தப் பாட்டே வேணாம்.”

ஜோயல் அப்போதுதான் நிமிர்ந்தான். “பாட்டை எடுத்துடாதீங்கக்கா.”

“அப்ப ஏத்து.”

அவன் மறுபடி கம்பியை முறுக்கப் போனான்.

மார்கரெட் தாமே மெட்டைத் திருத்தினார். ஜெனிஃபர் பாடினாள். ‘எழுந்து வா’ கோயில் கூரையைத் தொட்டுத் திரும்பியது.

“கேட்டியா? இதான் கூப்பிடறது.”

“நல்லாத்தான் கீது,” என்றது வாசற்பக்கமிருந்து ஒரு குரல்.

சாமின் தாய் செசிலியா, இறால் கூடையை வெளியே இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கை துடைத்தவாறு உள்ளே வந்தார். ஓராண்டுக்கு முன்புவரை அவரும் இக்குழுவில் பாடியவர். இப்போது சந்தையில் விலையைக்கூட விரல் காட்டித்தான் சொல்கிறார். துக்கம் வாயை அடைத்துவிட்டது என்றே ஊர் நினைத்திருந்தது.

“அந்த வரியை நான் பாடறதா ஜோயலோட பேச்சு, மார்கரெட்டு.” மணலில் படகை இழுப்பதுபோல் கரகரத்தது குரல். “ஜெனி பாடின மாதிரியே பாடிப் பார்க்கறேன்.”

‘எழுந்து’ வந்தது. ‘வா’ என்ற இடத்தில் வாய் மட்டும் திறந்தது, காற்றுதான் வந்தது.

செசிலியா ஜோயலைப் பார்த்தார். அவன் தன் பழைய மெட்டை மெல்ல மீட்டினான். இம்முறை ‘வா’ என்ற சொல் தாழ்ந்து, தரையோடு தரையாக, உடையாமல் வந்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை.

“மூணு நாள் கரையில நின்னு கூப்பிட்டேன் இல்ல, தொண்டை அதோட போச்சு. அதுக்கு மேல ஏறமாட்டேங்குது. இவன் ஒரு மாசமா வூட்டாண்ட வந்து, எது வரைக்கும் வருதுன்னு கம்பி கம்பியாத் தட்டிப் பார்த்து மெட்டு போட்டான். யாராண்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது நான்தான். பாவம்னு நீங்க யாரும் என்னைப் பாட வெக்கக் கூடாது பாரு.”

மார்கரெட் தாளைப் பார்த்தார். சிவப்பு மையை அழிக்க வழியில்லை. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழுவின் பக்கம் திரும்பினார்.

“ஜெனி, நீயும் கீழேயே பாடு. செசிலியாக்கா குரலுக்கு மேல நாளைக்கு ஒருத்தர் குரலும் போகக் கூடாது.”