இருபது விநாடி வெளிச்சம்

"சார், இவ என் குழாயைத் தேறாதுன்னு தள்ளுறது காத்து கலந்ததால இல்ல. நான் தனிக்குடித்தனம் போன வயித்தெரிச்சல்!"

மேனேஜர் தலையைப் பிடித்துக்கொண்டார். விளக்குக் குழாய்களில் வாயு நிரப்புகிறவள், புகார் சொன்ன அண்ணி ஒருத்திதான். அதைச் சோதிக்கிறவள் அவள் புருஷனின் தங்கை. ஒரே தொழிற்சாலையில் இந்த இரண்டு பேரையும் வேலைக்கு வைத்தது யார் செய்த புண்ணியமோ! மூன்று வாரமாக அண்ணி நிரப்பிய குழாய் ஒன்றுகூடத் தேறவில்லை.

"இன்னிக்கு என் முன்னாடியே சோதிங்க. இதுவும் தேறலைன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்மா" என்றார் அண்ணியிடம்.

அவள் அன்று நிரப்பிய குழாயை எடுத்து வந்து நீட்டினாள்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சி நிறுத்த வேண்டும். அணுக்களிலும் கஞ்சர்கள் உண்டு. இந்த வாயுவின் அணுக்கள் வாங்கிய சக்தியைச் சட்டென்று விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். அதனால் வாயு சுத்தமாக இருந்தால், மின்சாரம் போன பிறகும் குழாய் இருபது விநாடியாவது மங்கலாக ஒளிரும். காற்று கலந்திருந்தால் ஏழெட்டில் அணைந்துவிடும்.

இருட்டறைக் கதவைச் சாத்தினார்கள். நாத்தனார் சுவிட்சை அணைத்தாள். மேனேஜர் எண்ண ஆரம்பித்தார்.

எட்டு என்றதும், "அணைஞ்சாச்சு சார், எழுதிக்குங்க" என்றாள் நாத்தனார்.

"அடிப்பாவி! கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டே புளுகுறியே! உனக்கு என்னடி கெடுதல் பண்ணேன்?"

"நான் ஏன் அண்ணி புளுகணும்? கும்மிருட்டா இருக்கு. நீங்கதான் சார் முன்னாடி நாடகம் போடுறீங்க."

மேனேஜர் விடாமல் எண்ணினார். "பத்தொன்பது... இருபது... இருபத்தொண்ணு." பிறகு வெடித்தார். "ஏம்மா, உங்க குடும்பச் சண்டைக்கு என் ஃபேக்டரிதான் கிடைச்சுதா? குழாய் இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு!"

அண்ணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நல்லாக் கேளுங்க சார்!" என்று நாத்தனார் பக்கம் திரும்பினாள். அடுத்த நொடி அவளுக்குத் திக்கென்றது.

குழாயின் மஞ்சள் வெளிச்சம் நாத்தனாரின் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. அவளோ எதிரே இருந்த மேஜையைத் தேடி இரண்டு கைகளாலும் காற்றைத் துழாவினாள்.

"அண்ணி... சத்தியமா எரியுதா?"