நாற்பத்தோராம் மணி

கண்டி அலுவலக ஜன்னலில் முப்பது மணி நேரமாக மழை வழிகிறது. பொறியியலாளர் சுபாஜினியின் கணினியில், ஹேவாஹெட்ட மலைச்சரிவு மழையைத் தாங்குமா என்று பார்க்கும் மாதிரிக் கணக்கு, மழையின் நாற்பத்தோராம் மணிக்கு, அதாவது இன்னும் பதினொரு மணி நேரத்தில் வரப்போகும் கட்டத்துக்கு, வந்ததும் விடை காணாமல் நான்காம் முறையாகச் சிவந்து நிற்கிறது. அந்தச் சரிவின் அடியில், தேயிலைத் தோட்ட லய வீடுகளில் இருபது குடும்பங்கள். "கணக்குல அனுமதிக்கிற பிழை எல்லைய நூறு மடங்கு தளத்துங்க, ஓடிரும். ரெண்டு மணிக்கு அறிக்கை போகணும்," என்கிறார் மேலதிகாரி நஸீப், கதிரையை உதைத்துத் தள்ளி. "கணக்கு ஓடும் சேர். மலை நிக்குமா?" என்கிறாள் சுபாஜினி. "ஒங்களுக்கு வேலை தெரியாது." அவள் காது சுடுகிறது. உண்மையிலேயே தெரியாதோ? கணக்கு நகரும் நேரப் படியை இன்னும் பாதியாக நறுக்கி ஓட்டுகிறாள். எண்கள் ஊர்கின்றன. அதே மணியில் அதே சிவப்பு. மவுஸைப் பிடுங்க அவர் கை நீள்கிறது, அவள் விடவில்லை. "கணக்குப் பிழைன்னா, படிய நறுக்கினதும் நிக்கிற எடம் மாறும் சேர். இது அங்கயேதான் விழுது. சரியிறது மலைதான்." மற்றக் கையால் அறிக்கையில் தட்டுகிறாள்: குடும்பங்களை இன்றே வெளியேற்றவும்.