முழு விவரம் சொன்ன நட்சத்திரம்

ஒரு வானியல் ஆய்வாளரின் கணினியில் பிரிப்பான் என்றொரு மென்பொருள் குடியேறியது. விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படங்களிலிருந்து நிறமாலைகளை, அதாவது நிறம் நிறமாக விரிந்த ஒளிப்பட்டைகளை, தனித்தனியே பிரித்தெடுப்பது அதன் தொழில். துணை மென்பொருள்கள் ஒத்துவராமல் நிறுவும்போதே மூன்று முறை மக்கர் செய்துவிட்டது. முதல் படத்திலேயே வேலை நடக்காவிட்டால் அழித்துவிடுவதாக ஆய்வாளர் சொல்லியிருந்தார்.

அந்தப் படத்தில் ஒரு பெரிய நட்சத்திரத்தின் ஒளிப்பட்டை, மங்கலான விண்மீன் திரள் ஒன்றின் பட்டைமேல் படுத்துக் கிடந்தது. ஆய்வாளருக்கு வேண்டியதோ அடியில் இருந்த திரள்.

"அண்ணே, கொஞ்சம் நகருங்களேன்" என்றது பிரிப்பான்.

"யாரைப் பார்த்து நகரச் சொல்றே தம்பி? நான் யாருன்னு தெரியுமா?"

பிரிப்பானுக்குச் சட்டென்று ஒரு வழி புலப்பட்டது. "தெரியலையே அண்ணே, நீங்களே சொல்லுங்க."

நட்சத்திரம் தன் சூட்டைச் சொன்னது, பிரகாசத்தைச் சொன்னது, எந்த நிறத்தில் எவ்வளவு ஒளி என்று சொன்னது. சில நிறங்களில் கொஞ்சம் குறைச்சல், அதுவும் ஓர் அழகுதான் என்றது. "அப்புறம் அண்ணே?" என்று கேட்டுக் கேட்டு பிரிப்பான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டது. பிறகு, குறித்ததை அப்படியே படத்திலிருந்து கழித்தது.

நட்சத்திரம் கிடந்த இடம் துடைத்துவிட்டதுபோல் ஆயிற்று. திரளின் நிறமாலை மெலிதாக, பிசிறில்லாமல் தெரிந்தது. ஆய்வாளர் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டார். அழிக்கும் பேச்சு அதோடு போயிற்று.

நட்சத்திரத்துக்கும் ஒரு குறையுமில்லை. பக்கத்து நட்சத்திரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தது:

"என்னைப் பத்தி இவ்வளவு அக்கறையா இதுவரைக்கும் யாரும் விசாரிச்சதில்லை. ஒரு நிறம் விடாம எழுதிக்கிட்டான்!"